அநீதி நோயாகும் இடம்: ‘ஸ்டார் டிரெக்’ முதல் தொடரின் இறுதி அத்தியாயம் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ அறிவியல் புனைவுத் தொடரின் மூன்றாம் பருவம் ‘டர்னபௌட் இன்ட்ரூடர்’ என்னும் அத்தியாயத்துடன் முடிவுற்றது. முழுத் தொடரின் கடைசி அத்தியாயமும் அதுவே. தொடரின் மிகப்பெரிய ஏமாற்றங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அந்த ஏமாற்றத்துக்குப் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாடுகள் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இக்கட்டுரை அவ்விளக்கம் போதாது என வாதிடுகிறது. பெண்ணுக்குத் தலைமை மறுக்கப்படுவதை ஓர் அநீதியாக இந்த அத்தியாயம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபின் அதனை அப்பெண்ணின் மனநோயாக மாற்றிக் கதையை முடித்துக்கொள்கிறது. அதன் தோல்வி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பதே கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஸ்டார் டிரெக், அறிவியல் புனைவு, தொலைக்காட்சித் திறனாய்வு, உடல் மாற்றம், மெய்ப்பாடு, பெண்ணும் தலைமையும்

1. முன்னுரை

ஒரு படைப்பின் முடிவு அதுவரை சொல்லப்பட்டவற்றைத் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. ஆதலால் முடிவில் நேரும் பிழை இடையில் நேரும் பிழையைவிடக் கனமானது. எனினும் 1960களின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இவ்வளவுகோலை அப்படியே பொருத்துவது முறையன்று. அக்காலத் தொடர்களில் பெரும்பாலானவை தனித்தனிக் கதைகளின் தொகுப்புகளாகவே அமைந்தன. 1967 ஆகஸ்டில் ‘தி ஃபியூஜிடிவ்’ தொடர் தன் கதையை முறையாக முடித்துக்காட்டியது விதிவிலக்கே. எனவே ‘ஸ்டார் டிரெக்’ தன் பயணத்தை நிறைவு செய்யாமல் நின்றுபோனது என்பது இங்கே குற்றச்சாட்டாக வைக்கப்படவில்லை. இக்கட்டுரை கேட்பது வேறொரு கேள்வி: இந்த அத்தியாயம் தானே எழுப்பிய வினாவுக்கு நேர்மையாக விடை சொல்கிறதா?

இவ்வினாவைக் கேட்பதற்கு உரிமை தருவது தொடரே. இனம், நாடு, கோள் ஆகிய எல்லைகளைக் கடந்த எதிர்கால மனித சமுதாயத்தைக் காட்டுவதாக அது தன்னை முன்வைத்தது. கப்பலின் மேல்தளத்தில் ஆப்பிரிக்கப் பெண்ணான உகூரா அதிகாரியாக அமர்ந்திருந்தார். பனிப்போர்க் காலத்தில் ரஷ்யரான செகோவ் அங்கே பணியாற்றினார். இத்தகைய தொடரின் கடைசிச் சொல் என்ன என்பது ஆராயத்தக்கது.

2. அத்தியாயம் உருவான சூழல்

இரண்டாம் பருவத்துடன் தொடர் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, பீஜோ டிரிம்பிள், அவருடைய கணவர் ஜான் டிரிம்பிள் ஆகியோர் முன்னின்று நடத்திய கடித இயக்கத்தில் பார்வையாளர்கள் பெருமளவில் பங்கேற்றனர். அதன்பின் மூன்றாம் பருவம் உறுதியானது. ஆனால் அதற்கு வெள்ளிக்கிழமை இரவு 10 மணி ஒதுக்கப்பட்டது. இளைஞர்கள் வீட்டில் இராத நேரம் அது. செலவுத்தொகையும் குறைக்கப்பட்டது. தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி நிற்க, ஃப்ரெட் ஃப்ரைபெர்கர் தயாரிப்பாளரானார். அதுவரை கதைப் பதிப்பாசிரியராக இருந்த டி. சி. ஃபான்டானா அப்பொறுப்பை விட்டு நீங்கினார். டாரதி என்னும் தம் பெயர் பெண் என்று காட்டிவிடும் என்பதால் முதலெழுத்துகளைக் கொண்டு எழுதியவர் அவர். அவருடைய பணியிடத்துக்கு ஆர்தர் சிங்கர் வந்தார்.

‘டர்னபௌட் இன்ட்ரூடர்’ அத்தியாயத்தின் திரைக்கதை ஆர்தர் சிங்கருடையது, மூலக்கதை ராடன்பெரியுடையது, இயக்கம் ஹெர்ப் வாலர்ஸ்டைனுடையது. 1969 மார்ச் 28 அன்று ஒளிபரப்பாகவிருந்த இது, அன்று முன்னாள் அதிபர் ஐசனோவர் மறைந்த செய்தி ஒளிபரப்பினால் தள்ளிவைக்கப்பட்டு, ஜூன் 3 அன்று வெளிவந்தது. ஏழு வாரங்களுக்குள் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிவிட்டது.

தயாரிப்புக் குறைபாடுகளைக் காரணம் காட்டும் விளக்கம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது. மூலவர் விலகியதால் தொடர் தடம்புரண்டது என்பர். ஆனால் இக்கதை மூலவருடையது. பணம் குறைந்ததால் தரம் குறைந்தது என்பர். பணக்குறைவு அரங்கத்தைச் சுருக்கலாம், வெளிக்காட்சிகளைத் தவிர்க்கச் செய்யலாம். ஒரு பாத்திரத்தின் கோரிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் முடிவுக்குச் செலவு எதுவும் இல்லை.

3. கதைச்சுருக்கம்

கேமஸ் 2 என்னும் கோளில் அழிந்துபோன நாகரிகமொன்றின் எச்சங்களை ஆராயும் குழுவிடமிருந்து உதவி கோரும் அழைப்பு வருகிறது. கேப்டன் கர்க் அங்கே செல்கிறார். குழுவில் எஞ்சியிருப்பவர்கள் முனைவர் ஜேனிஸ் லெஸ்டரும் மருத்துவர் கோல்மனும் மட்டுமே. லெஸ்டர் ஒருகாலத்தில் கர்க்குடன் பயின்றவர், அவரைக் காதலித்தவர். அந்நாகரிகம் விட்டுச்சென்ற கருவியைக் கொண்டு அவர் தம் உயிர்நிலையைக் கர்க்கின் உடலுக்கும், கர்க்கினுடையதைத் தம் உடலுக்கும் மாற்றிவிடுகிறார். கர்க்கின் உடலில் கப்பலின் தலைமையை ஏற்கிறார். பெண்ணுடலில் சிறைப்பட்ட கர்க், தாம் யார் என்பதை நிறுவப் போராடுகிறார். ஸ்பாக் மனத்தொடர்பின் வழியே உண்மையை உணர்கிறார். அவர்மீது கலகக் குற்றம் சாட்டப்படுகிறது. மெக்காயும் ஸ்காட்டும் அவர் பக்கம் சேர, மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படுகிறது. சூலுவும் செகோவும் ஒத்துழைக்க மறுக்கின்றனர். இறுதியில் உயிர்மாற்றம் தானே தளர்ந்து நீங்குகிறது. லெஸ்டர் கதறி அழுகிறார். கோல்மன் அவரைக் கவனித்துக்கொள்வதாகக் கேட்டு அழைத்துச்செல்கிறார். அவருடைய வாழ்வும் எந்தப் பெண்ணின் வாழ்வையும்போல வளமாக இருந்திருக்கலாமே என்ற பொருளில் கர்க் இரங்கிப் பேச, தொடர் முடிகிறது.

4. அநீதியிலிருந்து நோய்க்கு

கதையின் தொடக்கத்தில் லெஸ்டர் ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கிறார். விண்கலத் தலைவர்களின் உலகில் பெண்களுக்கு இடமில்லை, அது நியாயமன்று என்கிறார். கர்க் அதை மறுக்கவில்லை. நியாயமில்லைதான் என்று ஒப்புகிறார். ஆனால் ஒப்பிய மூச்சிலேயே, அதற்காக நீ என்னைத் தண்டித்தாய், வருத்தினாய் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார். ஒரு நிறுவனத்தின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, ஒரே வரியில், இருவருக்கிடையிலான பழைய காதல் பிணக்காகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வுரையாடலின் பொருள் குறித்துப் பின்னாளில் வேறு விளக்கங்களும் தரப்பட்டன. கர்க்கின் வாழ்க்கையில் காதலிக்கு இடமில்லை என்பதையே லெஸ்டர் குறிப்பிடுகிறார், பெண்கள் தலைவராவதற்குத் தடை இருப்பதாகச் சொல்லவில்லை என்பது அவற்றுள் ஒன்று. தொடரின் நற்பெயரைக் காக்கும் நோக்கம் இதில் தெரிகிறது. ஆனால் பிற்பகுதி இவ்விளக்கத்துக்கு இடம்தரவில்லை. லெஸ்டர் விரும்புவது கர்க்கின் அன்பையன்று, அவருடைய இருக்கையை. முடிவில் அவர் அழுவதும் இனித் தாம் ஒருபோதும் கேப்டன் ஆகப்போவதில்லை என்பதற்காகவே.

விசாரணைக் காட்சியில் மாற்றம் முழுமையடைகிறது. லெஸ்டர் ஏன் இவ்வாறு செய்தார் என்ற கேள்விக்கு, பெண்ணுடலில் இருக்கும் கர்க் விடை தருகிறார். இயல்பாலோ பயிற்சியாலோ தமக்குத் தகுதியில்லாத பதவியை அவர் விரும்பினார் என்பதும், தம் பெண்மையின்மீது அவர் கொண்ட கடும் வெறுப்பே அவருடன் வாழ முடியாமல் செய்தது என்பதும் அவ்விடையின் சாரம். இங்கே மூன்று கூற்றுகள் பிணைந்துள்ளன. பயிற்சி இல்லை என்கிறார்; பயிற்சிக்குப் பின்னும் வாய்ப்புத் தரப்படாது என்பதே லெஸ்டரின் முறையீடு. இயல்பு இல்லை என்கிறார். அது லெஸ்டர் என்னும் தனிமனிதரின் இயல்பா, பெண் இயல்பா என்பது தெளிவுபடுத்தப்படவில்லை. பெண்மை வெறுப்பு என்கிறார். உடலுக்கு விதிக்கப்பட்ட தடையின்மீது எழுந்த சினம், உடலின்மீதே எழுந்த வெறுப்பாகப் பெயர் மாற்றப்படுகிறது. தொடக்கத்தில் ‘நியாயமில்லை’ என ஒப்புக்கொள்ளப்பட்டது இங்கு மறக்கப்பட்டுவிட்டது.

லெஸ்டர் கொலைகாரர், தம் குழுவினரைக் கதிரியக்கத்துக்குப் பலியாக்கியவர். அவர்மீது இரக்கம் கோருவது எவ்வாறு என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் கொலைகளை அவர் கையில் கொடுத்தது கதையாசிரியரின் தேர்வு என்பதை மறக்கலாகாது. லெஸ்டர் யாரையும் கொல்லாதவராக இருந்திருந்தால், அவருடைய முறையீட்டுக்குக் கர்க்கோ விண்படையோ விடைசொல்ல வேண்டியிருக்கும். கொலை அவ்விடையைத் தவிர்க்க உதவுகிறது.

கோல்மனின் நிலையோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். அவர் குற்றத்துக்கு உடந்தை. திறமைக் குறைவினாலும் மருத்துவப் பிழைகளாலும் முன்பே தலைமை மருத்துவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் என்று மெக்காய் கூறுகிறார். தகுதியின்மை நிறுவப்பட்ட ஆணுக்குப் பதவி முன்பு கிடைத்தே இருந்தது. முடிவில் அவருடைய குற்றம் விசாரிக்கப்படவே இல்லை. லெஸ்டர் நோயாளி ஆகிறார். உடன்குற்றவாளி காப்பாளர் ஆகிறார்.

5. உடலும் மெய்ப்பாடும்

உயிர் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்வதைத் தமிழ் மரபு ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ என்று வழங்கும். பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், இறந்துகிடந்த இடையர் மூலனின் உடலில் யோகியார் புகுகிறார். அவர் மூலன் அல்லர் என்பது நடத்தையால் மற்றவர்க்குப் புலப்படுகிறது. உடல் மாறினாலும் ஒழுகலாறு உள்ளிருப்பவரைக் காட்டிவிடும் என்பதே அக்கதையமைப்பின் அடிப்படை. ‘டர்னபௌட் இன்ட்ரூடர்’ அத்தியாயமும் இதே அடிப்படையில் இயங்குகிறது. எந்த நடத்தை எதற்கு அடையாளமாக வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. மூலனின் உடலில் கண்ட மாற்றத்தை ஊரார் மெய்யுணர்வின் அடையாளமாக அறிந்தனர். கர்க்கின் உடலில் கண்ட மாற்றத்தைக் கப்பலின் அதிகாரிகள் ‘ஹிஸ்டீரியா’ என்று அறிகின்றனர்.

இச்சொல் திரைக்கதையிலேயே வருகிறது. கேப்டனைக் காய்ச்சலிலும் போதையிலும் அச்சத்திலும் கடுஞ்சினத்திலும் கண்டிருக்கிறேன், ஹிஸ்டீரியாவில் முகம் சிவந்து கண்டதில்லை என்ற பொருளில் ஸ்காட் பேசுகிறார். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஹிஸ்டீரியா. நெடுங்காலம் பெண்களுக்கே உரிய நோயாகக் கருதப்பட்டது. ஆணுடலில் பெண் இருக்கிறார் என்பதற்குக் கப்பல் ஏற்றுக்கொள்ளும் சான்று இந்த நோய்க்குறிதான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், புறத்தே தோன்றும் உணர்வை அதன் நிலைக்களனோடு இணைத்தே காணும். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும், வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கும் நிலைக்களன்கள். உணர்வைக் கண்டவுடன் அது எதன்மேல் பிறந்தது என்று கேட்கத் தூண்டும் பகுப்பு இது. அவ்வாறு கேட்டால் லெஸ்டரின் இறுதி அழுகை இளிவின்மேலும் இழவின்மேலும் பிறந்தது எனலாம்: இகழப்பட்டதன் தாழ்வு, பெற்றதை இழந்த துயர். ஆனால் அத்தியாயம் மெய்ப்பாட்டை மட்டும் விரிவாகக் காட்டி, நிலைக்களனை மறைத்துவிடுகிறது. களன் இழந்த அழுகை பார்வையாளருக்குப் பித்தாகவே தோன்றும். வில்லியம் ஷாட்னர் கர்க்கின் உடலில் உள்ள லெஸ்டரைப் பதற்றமும் கூச்சலுமாக நடித்திருப்பது மிகை எனப் பழிக்கப்படுகிறது. அம்மிகை நடிகருடையது மட்டுமன்று. பாத்திரத்துக்கு வேறு உணர்வு எழுதப்படவே இல்லை.

இதற்கு மாறாக, சாண்ட்ரா ஸ்மித்தின் நடிப்பு கவனத்துக்குரியது. விசாரணைக் காட்சியில் அவர் அமைதியாக, சொற்களை அளந்து, தம்மை விசாரிப்போரின் கண்ணை நேர்நோக்கிப் பேசுகிறார். கதைப்படி அப்பேச்சு கர்க்கினுடையது. திரையில் காண்பதோ ஒரு பெண், கேப்டனாகப் பேசி, அனுபவமிக்க அதிகாரிகளைத் தம்பக்கம் ஈர்ப்பது. பெண்ணின் இயல்பு தலைமைக்கு ஒவ்வாது என்று வசனம் சொல்லும் அதே காட்சியில், ஒவ்வும் என்று ஒரு நடிகை காட்டிவிடுகிறார். அத்தியாயத்தின் சிறந்த பகுதி இது. அது தன் கருத்துக்கு எதிராகவே வெற்றி பெறுகிறது.

6. கீழ்ப்படியாமையின் இரு அளவுகோல்கள்

இந்த அத்தியாயம் முற்றிலும் பயனற்றது அன்று. இடைப்பகுதியில், சட்டப்படி அமைந்த அதிகாரம் அறத்துக்கு முரணாக நடக்கும்போது கீழ்நிலையில் இருப்போர் என்ன செய்வது என்னும் சிக்கல் நன்கு வளர்க்கப்படுகிறது. புறச்சான்று எதுவுமின்றித் தாம் அறிந்த உண்மைக்காக ஸ்பாக் தனித்து நிற்கிறார். மரண தண்டனைக்கு விதியில் இடமில்லை என்று சூலுவும் செகோவும் எதிர்க்கின்றனர். பின்னர்க் கருவிப்பலகையிலிருந்து கைகளை எடுத்துவிடுகின்றனர். துப்பாக்கியின்றி நிகழும் அம்மறுப்பு தொடரின் அறவுணர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும் இந்த அறம் யாருக்குப் பொருந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நியாயமற்ற ஆணையை மறுக்கும் அதிகாரிகளைக் கதை போற்றுகிறது. நியாயமற்றது எனக் கதையே ஒப்புக்கொண்ட விதியை மறுத்த பெண்ணை அது நோயாளியாக்குகிறது. லெஸ்டர் மறுத்த முறை குற்றமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் குற்றமற்ற முறையில் மறுக்க அவருக்கு ஒரு வழி இருந்தது என்று கதையில் எங்கும் காட்டப்படவில்லை. கர்க்கோ ஸ்பாக்கோ அவ்விதி மாற வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை.

7. தொடருக்குள்ளேயே கிடைக்கும் மறுப்பு

இது அக்காலத்தின் கருத்து, இன்றைய அளவுகோலால் அதை அளப்பது பொருந்தாது என்பது வலுவான எதிர்வாதம். அதற்கு விடை காலத்துக்கு வெளியே தேடப்பட வேண்டியதில்லை, தொடருக்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது சான்று, தொடரின் முதல் முன்னோட்டப் படமான ‘தி கேஜ்’. அதில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். தலைவர் சிறைப்பட்டபோது பொறுப்பை ஏற்பவரும் அவரே. என்பிசி அப்படத்தை ஏற்கவில்லை. பின்னர் உருவான தொடரில் அப்பாத்திரம் இல்லை. அவருடைய உணர்ச்சிவயப்படாத அறிவுத்திறம் ஸ்பாக்கின் பண்பாயிற்று. ஆயினும் அப்படத்தின் பகுதிகள் 1966 நவம்பரில் ‘தி மெனாஜரி’ அத்தியாயத்தில் இணைத்துக் காட்டப்பட்டன. அப்பாத்திரத்தில் நடித்த மேஜல் பேரட், தொடரில் செவிலியர் சேப்பலாக மாறினார். இறுதி அத்தியாயத்தில் லெஸ்டரின் உடலில் கிடக்கும் கர்க்குக்கு மருந்து கொடுக்க வருபவர் அவரே. தொடர் கடந்துவந்த தூரத்தையும் திசையையும் இவ்வொரு நடிகையின் இடமாற்றமே காட்டிவிடுகிறது.

இரண்டாவது சான்று, அதே மூன்றாம் பருவத்தில் 1968 செப்டம்பரில் வெளியான ‘தி எண்டர்பிரைஸ் இன்சிடென்ட்’. டி. சி. ஃபான்டானா எழுதிய அதில், பகைநாட்டு ரோமுலன் படைக்கலங்களின் தளபதி ஒரு பெண். அவர் ஸ்பாக்கால் ஏமாற்றப்படுகிறார் எனினும், அவருடைய தலைமையை அவர் படையினர் எவரும் ஐயுறுவதில்லை. எல்லைக்கு அப்பால் இயல்பாக இருப்பது, முன்னேறிய மனித சமுதாயத்தில் இயலாதது ஆகிவிடுகிறது.

மூன்றாவது, உகூரா இறுதி அத்தியாயத்தில் இல்லை. நிஷெல் நிக்கல்ஸ் அதில் நடிக்கவில்லை. தொடர்பாடல் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். பெண்ணின் தலைமை பற்றிப் பேசும் ஒரே அத்தியாயத்தில், தொடரின் முதன்மைப் பெண் அதிகாரி அங்கே இல்லை.

8. புறவுலகின் ஒப்புமை

லெஸ்டரின் முறையீடு கற்பனையானதன்று. அமெரிக்காவில் விண்வெளி வீரர் தேர்வுக்கான மருத்துவச் சோதனைகளில் 13 பெண் விமானிகள் தேறியிருந்தனர். 1962 ஜூலையில் ஜெரி காப், ஜேன் ஹார்ட் ஆகியோர் நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். ஜெட் விமானச் சோதனை ஓட்டிகளே விண்வெளி வீரராகலாம் என்று நாசா விதித்திருந்தது. இராணுவத்தின் அச்சோதனைப் பணியில் பெண்கள் சேர்க்கப்படவில்லை. பயிற்சி இல்லை என்று மறுப்பதும், பயிற்சிக்கு இடமில்லை என்று தடுப்பதும் ஒரே நிறுவனத்தின் இரு கைகளாக இருந்தன. விசாரணைக் காட்சியில் கர்க் பேசும் ‘பயிற்சி’ என்னும் சொல்லை இப்பின்புலத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 1963 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வலென்டினா டெரஷ்கோவா விண்வெளி சென்று திரும்பினார். ‘நவ்’ எனப்படும் தேசியப் பெண்கள் அமைப்பு 1966இல், அதாவது ‘ஸ்டார் டிரெக்’ தொடங்கிய ஆண்டிலேயே, நிறுவப்பட்டது. ஆகவே 1969இல் இவ்வினா யாரும் கேட்டிராத வினா அன்று.

பின்னாளில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. இறுதி அத்தியாயத்தில் இடம்பெறாத நிஷெல் நிக்கல்ஸை, பெண்களும் சிறுபான்மையினரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்க ஊக்குவிக்கும் பணியில் நாசா 1977இல் அமர்த்தியது. 1978இல் தேர்வான குழுவில் முதன்முறையாகப் பெண்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஒருவரான சாலி ரைட் 1983இல் விண்வெளி சென்றார். 1999இல் ஐலீன் காலின்ஸ் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை ஏற்றார். ‘ஸ்டார் டிரெக்’ வரிசையிலும் 1995இல் தொடங்கிய ‘வாயேஜர்’ தொடரில் ஜேன்வே கேப்டனாக வந்தார். அப்பதவிக்குரிய இயல்பு பெண்ணுக்கு உண்டா என்ற கேள்வி ஏழு பருவங்களாக அவர் கப்பலை நடத்தியதிலேயே தீர்ந்துபோயிற்று.

9. முடிவுரை

‘டர்னபௌட் இன்ட்ரூடர்’ அளிக்கும் ஏமாற்றத்தைக் குறைந்த செலவு, மிகை நடிப்பு, அவசர முடிவு ஆகியவற்றால் முழுமையாக விளக்க இயலாது. இவ்வளவும் இருந்தும் நினைவில் நிற்கும் அத்தியாயங்கள் அதே பருவத்தில் உள்ளன. வினாவை எழுப்பாமலே இருந்திருந்தால் இது மறக்கத்தக்க ஓர் அத்தியாயமாகப் போயிருக்கும். வினாவை எழுப்பியது, நியாயமில்லை என ஒப்புக்கொண்டது, பின்னர்க் கேட்டவரைப் பித்தர் என்று அனுப்பிவைத்தது. இம்மூன்றும் ஒரே கதையில் நிகழ்ந்ததனால்தான் இது தோல்வி ஆகிறது.

கர்க்கின் இறுதிச் சொற்களில் இரக்கம் உள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எண்ணிப்பார்க்கும் மாற்று வாழ்வு, மற்றப் பெண்களைப்போல லெஸ்டரும் அமைதியாக வாழ்ந்திருக்கலாம் என்பதே. விண்படை வேறாக இருந்திருக்கலாம் என்பது அவர் எண்ணத்தில் எழவில்லை. கேட்டவர் மாறியிருக்க வேண்டும் என்று இரங்கும் அந்தச் சொல்லோடு, எதிர்காலத்தைப் பற்றிய ஒரு தொடர் முடிந்தது. அறிவியல் புனைவைத் திறனாய்வு செய்வோர், ஒரு படைப்பு எத்தகைய கருவிகளைக் கற்பனை செய்தது என்பதோடு, எந்த விதிகளை மாற்றக் கற்பனை செய்யத் தவறியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உயிரை உடல்விட்டு உடல் மாற்றும் கருவியைக் கற்பனை செய்ய முடிந்த இக்கதைக்கு, ஒரு பெண்ணைத் தலைமை இருக்கையில் அமர்த்தக் கற்பனை போதவில்லை.